பிரக்கிராசி தம்பையாவின் ஆள்மாறாட்ட வழக்கு

நோர்வே நாட்டுப் பதிவேட்டில் நான் பிலேந்திரன். கத்தோலிக்கன், பாஷையூரில் பிறந்தவன், தாயின் பெயர் நேசமணி. இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. என் பெயர் சண்முகலிங்கம். நான் சைவன், தாயின் பெயரும் வேறு. ஊரை விட்டு ஓட வேண்டிவந்த எண்பத்தாறாம் ஆண்டில் என்னிடம் கடவுச்சீட்டு இருக்கவில்லை. என்னோடு படித்த பிலேந்திரனிடம் கடவுச்சீட்டும் இருந்தது, நோர்வேயில் ஒரு விடுதிப் பள்ளியில் வந்து படிக்கச் சொல்லும் கடிதமும் இருந்தது. அவனை அனுப்ப அவன் தாய்க்கு மனம் வரவில்லை. படத்தை மாற்றி ஒட்டிக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

வந்து இருபத்தொரு வருடமாகிவிட்டது. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன், பிறகு ஒஸ்லோவுக்கு வந்தேன். இப்போது குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் வேலை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் அதிபர் அம்மா தேவாலயப் பூசை எப்படி இருந்தது என்று கேட்பார், நானும் நன்றாக இருந்தது என்பேன். இதைச் சொல்லி நானும் என் மனைவி இராசமலரும் சிரித்திருக்கிறோம். தபால் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வராது. பொய்ப் பெயரில் எடுத்த குடியுரிமையை எத்தனை வருடம் போனாலும் திருப்பி எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. என்னுடையது போனால் என்னைக் கலியாணம் கட்டிக்கொண்டு வந்த இராசமலருடையதும் போகும், எங்கள் மகள் ஆரபியுடையதும் போகும். ஆரபிக்குப் பத்தொன்பது வயது, இங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். சண்முகலிங்கம் என்பது அப்பாவின் வீட்டுப் பெயர் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

இப்படி மூச்சுக் காட்டாமல் இருந்த என்னை இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வசந்தத்தில் மங்களேஸ்வரி மாமி ஹவுகன்ஸ்டுவாவில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மாமி என் தகப்பனின் கடைசித் தங்கை, அப்பப்பாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அப்பப்பா இறந்து ஐம்பது வருடமாகிறது, நினைவு மலர் ஒன்று அடிக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்றார். மாமி கேட்பவர் அல்ல, தீர்ப்புச் சொல்பவர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பப்பாவின் பெயர் பிரக்கிராசி தம்பையா. இப்போது உள்ளவர்களுக்குப் பிரக்கிராசி என்றால் என்னவென்று தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய கோர்ட்டில் எழுந்து நின்று முழங்குவது அப்புக்காத்து. அவருக்கு வழக்கைக் கட்டிக் கொடுப்பது பிரக்கிராசி. நொத்தாரிசு வேலையும் சேர்ந்திருந்ததால் ஊரில் யார் காணி யாருக்குப் போனாலும் உறுதிப் பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்கும். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் சப்பாத்துமாக அவர் ஒற்றைக் குதிரை வண்டியில் போனால் வேலியோரம் நிற்பவர்கள் தோள்துண்டை இடுப்புக்கு இறக்குவார்களாம்.

கிராமச் சங்கத் தலைவராகப் பதினான்கு வருடம் இருந்தார். வாய்க்கால் வெட்டினார், சந்தை வீதிக்கு எண்ணெய் விளக்குக் கம்பம் போட்டார், சந்தைக்குப் பின்னால் ஒரு கக்கூசு கட்டினார். முதல் வருடம் அதற்குள் ஒருவரும் போகவில்லையாம். மாகாணத்தை ஆண்ட ஏசண்டுத் துரை அவருக்குக் கை கொடுக்கும் படம் மாமி வீட்டு வரவேற்பறையில் சாமிப் படங்களுக்கு மேலே தொங்குகிறது. அந்நாளில் எங்கள் பக்கத்துத் தேர்தல் புளியமரத்துக்குக் கீழே நடக்கும். பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை, கை தூக்குவதுதான் வாக்கு. தனக்குக் கை தூக்காதவனை அப்பா ஒருநாளும் மறக்கமாட்டார் என்று மாமி பெருமையாகச் சொன்னார். அதையும் அப்படியே எழுதினேன்.

மாமிக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பெருமை ஆள்மாறாட்ட வழக்கு. முப்பத்து மூன்றாம் ஆண்டு ஒருவன் அப்பப்பா உறுதி எழுதும் கந்தோருக்கு வந்து, தன்னை வேறொருவன் என்று சொல்லி, அந்த வேறொருவனின் காணியை எழுதிக் கொடுக்கப் பார்த்தானாம். அப்பப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறுதியை எழுதினார், வாசித்துக் காட்டினார், அவனைக் கையெழுத்துப் போடவிட்டார். தான் போட வேண்டிய இடம் வந்ததும் பேனையை வைத்துவிட்டுக் கைதட்டினார். இதற்கிடையில் ஆள் அனுப்பிப் பின் விறாந்தையில் இருத்தி வைத்திருந்த பொலிஸ்காரன் உள்ளே வந்தான். கள்ளனுக்குப் பதினெட்டு மாதம் கடூழியச் சிறை.

"அப்பான்ரை கண்ணுக்கு ஒருத்தரும் தப்பேலாது," என்றார் மாமி. "பேரை மாத்திக்கொண்டு வாறவன் அவருக்கு முன்னாலை நிக்கேலாது. எழுது."

பேரை மாற்றிக்கொண்டு வந்தவன் அவருக்கு முன்னால் உட்கார்ந்து அதை எழுதினான். மாமிக்கு என் கதை முழுக்கத் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசிப் பக்கங்கள்தான் என் நெஞ்சில் கல்லைப் போட்டன. எங்கள் ஆட்கள் அடிக்கும் எந்த மலரிலும் முடிவில் வம்சாவழி வரும். பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை என்று ஒரு உயிர் விடாமல் பெயர் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாட்டையும் போடுவார்கள். எத்தனை நாட்டில் எங்கள் இரத்தம் இருக்கிறது என்று காட்டாவிட்டால் மலர் அடித்ததற்கே அர்த்தமில்லை. அதை ஆரபி ஆசையாகக் கணினியில் அடித்துக்கொண்டு வந்தாள். சண்முகலிங்கம் (நோர்வே), மனைவி இராசமலர், மகள் ஆரபி. மேலே என் படம்.

"என்ரை ஒல்டெஃபார் ஒரு அட்வுகாட், அப்பா," என்றாள். பூட்டனையும் வழக்கறிஞரையும் அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள். "படிக்கிற இடத்திலை சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. புத்தகம் வந்தவுடனை கொண்டுபோய்க் காட்டப்போறன், வலையிலையும் போடப்போறன்."

நல்லது பிள்ளை என்று சொன்னேன். பதிவேட்டில் பிலேந்திரனின் மனைவி இராசமலர், பிலேந்திரனின் மகள் ஆரபி. மலரில் அதே இராசமலர், அதே ஆரபி, அதே முகம், ஆள் மட்டும் சண்முகலிங்கம். என்னைப் பிடிக்க இதற்கு மேல் ஒரு கடதாசி தேவையில்லை. குடியுரிமைக் கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை, ஏனென்றால் ஒருவர் இருந்தார்.

அவர் அருட்செல்வம். தமிழர்கள் அவரைத் தொல்க் என்பார்கள், மொழிபெயர்ப்பாளர் என்று அர்த்தம். பொலிசிலோ அகதி விசாரணையிலோ ஒரு தமிழன் வாய் திறந்தால் அதை நோர்வேஜிய மொழியில் சொல்வது அவர்தான். எந்த வீட்டின் எந்தப் பொய்யும் அவர் காதால் போயிருக்கிறது. அதனால் கோயிலில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் நெடுநேரம் நிற்பதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு விலகிப் போய்விடுவோம்.

மலர் அச்சுக்குப் போக இரண்டு கிழமை இருக்கும்போது அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, மங்களேஸ்வரியம்மா கோயிலிலை சொன்னவ, நீங்கள் புத்தகம் எழுதிறியளாம். அதைப்பற்றி உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும். சனிக்கிழமை வீட்டை வரட்டோ?"

"ஓம், வாங்கோ அண்ணை," என்றேன். வேறு என்ன சொல்வது.

அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வரும்வரை நானும் இராசமலரும் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. தொல்க் எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறார் என்று அவள் ஆயிரம் தரம் கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. பழைய படங்களை எடுத்து அலுமாரிக்குள் போட்டாள், பிறகு படம் இல்லாத சுவர் சந்தேகத்தைக் கிளப்பும் என்று திரும்ப மாட்டினாள். வேலையிடத்தில் ஒரு கறுப்புக் கார் பாதையோரம் நின்றதைக் கண்டு நான் கொதிகலன் அறைக்குள் போய் முக்கால் மணிநேரம் இருந்தேன். ஒரு பிள்ளையின் தகப்பன் மறந்துபோன தொப்பியை எடுக்க வந்திருந்தார். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒளிந்திருக்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே வரப் பயம் விடவில்லை.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அருட்செல்வம் வந்தார். ஆரபி நூலகத்துக்குப் போயிருந்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள். இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த ஆள்மாறாட்டக் கேஸ் புத்தகத்திலை வருகுதோ?" என்று கேட்டார்.

"வருகுது அண்ணை."

"கையெழுத்து வைச்சவரின்ரை பேரைப் போட்டிருக்கோ?"

"இல்லை. கள்ளன் எண்டுதான் மாமி சொன்னவ."

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அவற்றை பேர் முருகேசு. என்ரை அப்பப்பா."

இராசமலர் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. விசாரணையில் பிறர் சொல்வதை எடுத்துச் சொல்லும் அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காணி முருகேசரின் தமையன் கந்தப்புவுடையது. கந்தப்பு தன் மகளுக்குச் சீதனமாக அதை எழுத வேண்டியிருந்தது. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்கு நெருப்புக்காய்ச்சல், பாயை விட்டு எழும்ப முடியவில்லை. உறுதி இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள். நீ போய் என் பெயரில் வைத்துவிட்டு வா என்று தமையனே தம்பியை அனுப்பினார்.

"பிரக்கிராசியாருக்கு ரெண்டு பேரையும் வடிவாத் தெரியும் தம்பி. கந்தப்புவின்ரை வீடு அரைக்கட்டை, அரை மைல் தூரம், வண்டி முற்றத்திலை நிக்குது. ஏறிப் போயிருந்தால் பாயிலை வைச்சே உறுதி முடிஞ்சிருக்கும். அவர் போகேல்லை. பொலிசுக்கு ஆள் அனுப்பினவர். அதுக்கு முந்தின வருசத் தேர்தலிலை அண்ணனும் தம்பியும் அவருக்குக் கை தூக்கேல்லை. கலியாணம் நிண்டுபோச்சு. கந்தப்பு எட்டாம் நாள் செத்துப்போனார். அந்தப் பொம்பிளைப்பிள்ளை கடைசிவரைக்கும் கலியாணம் கட்டேல்லை. அதுக்குப் பிறகு எங்கடை பக்கத்தாலை ஒருத்தரும் கை தூக்காமல் விட்டதில்லை."

"நான் என்ன செய்ய வேணும் அண்ணை?" என்றேன்.

"அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லேல்லை. பேரைப் போடுங்கோ. ஏன் போனவர் எண்டும் போடுங்கோ. கள்ளன் எண்ட சொல்லை எடுங்கோ. அவ்வளவுதான்."

அதுதானா, அவ்வளவுதானா என்று என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கட்டாயம் செய்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து வாசலுக்குப் போனார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே குனிந்தபடி கதைத்தார்.

"எண்பத்தெட்டிலை, பொலிஸ் விசாரணையிலை உங்களுக்குத் தொல்க் நான்தான். ஞாபகமோ?"

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அந்த அறையில் பொலிஸ்காரியின் கையில் இருந்த பேனையை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாயின்ரை பேரைக் கேட்டவை. நீங்கள் வாயைத் திறந்திட்டு அப்பிடியே இருந்தியள். மறந்து போச்சுது உங்களுக்கு. உங்கடை விண்ணப்பத்தின்ரை முதல் பக்கத்திலை நேசமணி எண்டு கிடந்தது. நான் நேசமணி எண்டு சொன்னனான். நீங்கள் சொன்னதாக." அவர் நிமிர்ந்தார். "நீங்கள் உள்ளை வரேக்கையே எனக்குத் தெரியும். பிரக்கிராசியாரின்ரை மூக்கு உங்களுக்கு."

இராசமலர் என் கையைப் பிடித்தாள்.

"ஒருக்கால் செய்தனான். இன்னொருக்கால் ஏலாது. அந்த வம்சாவழியைக் கொண்டுவந்து வாசி எண்டு எனக்கு முன்னாலை வைச்சால் நான் கிடக்கிறதைத்தான் வாசிக்க வேணும். உங்கடை பேருக்குப் பக்கத்திலை நோர்வே எண்டு போடாதேங்கோ." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அது எச்சரிக்கையா, பயமுறுத்தலா? அன்று பின்னேரம் முழுக்க நானும் அவளும் அதையே மாற்றி மாற்றிக் கதைத்தோம். நல்லவர் என்றாள் அவள். நல்லவர் என்றால் ஏன் வாசல் வரைக்கும் காத்திருந்து அதைச் சொல்ல வேண்டும் என்றேன் நான். அவருக்கு ஒரு சொல் போதும். அவருடைய அப்பப்பாவின் பதினெட்டு மாதத்துக்கு எங்கள் மூவரின் வாழ்க்கை. ஒரு பிரக்கிராசியின் பேரனுக்குக் கணக்குப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேரைப் போடுவது, என் பெயரை எடுப்பது, இரண்டையும் செய்துவிட்டால் பயமில்லை என்று முடிவு செய்தேன். அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். கந்தப்பு, முருகேசு, நெருப்புக்காய்ச்சல், அரைக்கட்டை தூரம், கை தூக்காத தேர்தல், எல்லாவற்றையும் எழுதினேன். இருபத்தொரு வருடத்தில் நான் எழுதிய உண்மையான பக்கம் அதுதான். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் போனேன்.

மாமி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்துத் தன் மடியில் வைத்தார்.

"ஆர் சொன்னது? அந்தத் தொல்க்கோ?"

"மாமி, அது உண்மையோ?"

"உண்மைதான். அப்பா அம்மாவுக்குச் சொன்னதை நான் கேட்டனான்." ஒரு வெட்கமும் இல்லாமல் சொன்னார். "அதுக்காக அச்சிலை போடுறதோ? அப்பான்ரை பேரிலை அடிக்கிற புத்தகத்திலை?"

அடுத்த விஷயத்தை மெல்லச் சொன்னேன். என் பெயரையும் இராசமலர், ஆரபி பெயர்களையும் வம்சாவழியில் இருந்து எடுத்துவிடும்படி கேட்டேன்.

மாமி யன்னலால் பார்த்தார். கீழே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ காரில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதத்திலும் இந்த ஊரில் பனி. பிறகு என்னைப் பார்த்தார். ஏசண்டுத் துரைக்குக் கை கொடுக்கும் படத்தில் அப்பப்பாவுக்கு உள்ள அதே முகம்.

"ரெண்டும் தரேலாது. ஒண்டு தாறன். உன்ரை பேரை எடுக்கிறன், அப்பான்ரை கேஸ் முந்தி எழுதினமாதிரிக் கிடக்கும். இல்லையோ, உன்ரை இந்தப் பக்கத்தைப் போடுறன், உன்ரை பேரும் படமும் நாட்டோடை போகும். எது வேணும்?"

நான் யோசிக்கவில்லை. பயம் எனக்காக முன்பே முடிவு செய்துவிட்டது.

"பேரை எடுங்கோ மாமி," என்றேன்.

வைகாசிக் கடைசியில், ஸ்தோவ்னரில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. குத்துவிளக்கு, தேவாரம், மாமிக்குப் பொன்னாடை. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் ஆள்மாறாட்ட வழக்கை வாசித்தார், அப்பப்பா கைதட்டிய இடத்தில் சனமும் கைதட்டியது. அருட்செல்வம் பின்வரிசையில் இருப்பதை அப்போதுதான் கண்டேன். அவர் தட்டவில்லை. மலரை விரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போனார், விரலை ஒவ்வொரு பெயராக வைத்துக் கீழே வந்தார். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது. என்ன செய்தேன் என்று அவருக்கு இப்போது விளங்கியிருக்கும்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது அவர் நேராக என்னிடம் வந்தார். ஓடுவதற்கு இடமில்லை. அவர் வாய் திறக்க முன்னர் ஆரபி மலரோடு வந்துவிட்டாள். முகம் சிவந்து, அழுவாள்போல் இருந்தாள்.

"அப்பா, நான் இதிலை இல்லை. நான்தானே அடிச்சனான். எல்லாரின்ரை பேரும் கிடக்கு. லண்டனிலை போன மாசம் பிறந்த குழந்தை கூடக் கிடக்கு. நாங்கள் மூண்டு பேரும் இல்லை. நாங்கள் அவற்றை ஆக்கள் இல்லையோ?"

எண்பத்தெட்டில் அந்த அறையில் இருந்ததுபோல வாயைத் திறந்தபடி நின்றேன். அருட்செல்வம் என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் போதும், என் மகள் முன்னால், நூற்றைம்பது பேர் நடுவே. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அச்சிலை விடுபட்டுப்போச்சு பிள்ளை," என்றார். "அப்பா எழுதிக் குடுத்ததை நான் பாத்தனான். அதிலை உங்கடை பேர் கிடந்தது. அச்சடிச்ச ஆக்கள் விட்டிட்டினம்."

ஆரபி மூக்கை உறிஞ்சினாள். "உண்மையோ?"

"ஓம் பிள்ளை. பெரிய புத்தகம் எண்டால் அப்பிடித்தான். என்ரை அப்பப்பாவின்ரை பேரும் இதிலை விடுபட்டுத்தான் கிடக்கு."

"அவரும் எங்கடை சொந்தமோ?" அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அவர் ஆர், அப்பா?"

அருட்செல்வம் அதை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். முருகேசு என்று ஒரு பெயர், நாலே எழுத்து. மேடைக்குப் பக்கத்தில் மாமி பொன்னாடையோடு இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது அண்ணை," என்றேன். "குடியுங்கோ."